பதின்வயதில் புகை: வீட்டுக்குள் இருக்கும் காரணங்களில் மாற்றக்கூடியவை எவை?

வகுப்பறைக்கு_வெளியே (பள்ளி ஆலோசகர்), இழையைத் தொடங்கியவர்

8 முதல் 10ஆம் வகுப்பு வரை பெற்றோர் கூட்டங்களில் புகைப்பழக்கம் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் பெரும்பாலும் காட்டுவது கருத்துப்போன நுரையீரல் படம். சொல்வது 'சேர்க்கையைக் கவனியுங்கள்' என்ற ஒரே வரி. பெற்றோர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை. தப்பு முழுக்க வெளியில், தெருமுனையில், மற்ற வீட்டுப் பையனிடம் இருப்பதாகவே கேட்டுப் பழகிவிட்டார்கள்.

இந்த இழையில் நான் எதிர்பார்ப்பது இதுதான். பிள்ளையிடமே இருக்கும் காரணங்கள் எவை, குடும்பத்தில் இருப்பவை எவை, அவற்றில் எதற்கு எவ்வளவு கனம், நாளைக் காலையே மாற்றக்கூடியது எது. மருத்துவம், மருந்தகம், சட்டம், களப்பணி தெரிந்தவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை போதும் போதுமென்று ஆகிவிட்டது. செய்முறை வேண்டும்.

எண்கணக்கு

முதலில் வயதைச் சரி பண்ணிக்கொள்வோம். 2019இல் நடந்த நான்காவது உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதியில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5% பேர் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள். ஆண் பிள்ளைகளில் 9.6%, பெண் பிள்ளைகளில் 7.4%. 'இது பையன்கள் விஷயம்' என்று நினைக்கிறவர்கள் இரண்டாவது எண்ணை இன்னொரு முறை பார்க்கவும்.

அதைவிட முக்கியமானது தொடங்கிய வயது. சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38%, பீடி பிடித்துப் பார்த்தவர்களில் 47%, வாயில் அடக்கும் வகைகளைப் போட்டுப் பார்த்தவர்களில் 52% பேர் 10 வயது நிறைவதற்கு முன்பே முதல் முறை செய்திருக்கிறார்கள். அதாவது 9ஆம் வகுப்பில் நாம் பேசும்போது, பிடித்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விஷயம் 4ஆம் வகுப்பிலேயே நடந்து முடிந்துவிட்டது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தெருமுனைச் சேர்க்கை எவ்வளவு இருக்கும்? அந்த வயதில் அதன் உலகம் வீடும் வீட்டை ஒட்டிய கடையும்தான்.

அடுத்தது, குடும்பத்தில் யாருடைய பழக்கம் எவ்வளவு பாதிக்கிறது. 2011இல் 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. யாரும் புகைக்காத வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால், புகைக்கத் தொடங்கும் சாத்திய விகிதம் (தொடங்குகிறவர்களுக்கும் தொடங்காதவர்களுக்கும் உள்ள விகிதம்; தலை எண்ணிக்கை அதே மடங்கில் கூடாது) அப்பா அம்மாவில் ஒருவர் புகைத்தால் 1.72 மடங்கு, அண்ணனோ அக்காவோ புகைத்தால் 2.30 மடங்கு, பெற்றோர் இருவருமே புகைத்தால் 2.73 மடங்கு. இதைப் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது? புகைக்காத வீடுகளில் 100 பிள்ளைகளுக்கு 10 பேர் தொடங்குகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோர் புகைக்கும் வீடுகளில் அது 16 ஆகும், அண்ணன் புகைத்தால் 20, இருவரும் புகைத்தால் 23. 'இரண்டு மடங்கு ஆபத்து' என்று பயமுறுத்துவதைவிட இந்த எண்கள் நேர்மையானவை. 23 பேர் என்றால் மீதி 77 பேர் தொடங்கவில்லை என்பதும் அதில் தெரியும். அப்பா புகைக்கிறார் என்பதால் மகன் கதை முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

9ஆம்_வகுப்பு_டீச்சர்

எண்கள் எல்லாம் சரி சார். ஆனா வகுப்பில் நாங்க பார்க்கிறது வேற. ஒருத்தன் ஆரம்பிச்சா அந்த பெஞ்சில் நாலு பேர். வீட்டில் யாருமே தொடாத குடும்பத்துப் பையனும் அதில் இருக்கான். நண்பர்கள்தான் முதல் காரணம்னு சொன்னா அதில் என்ன தப்பு?

மனநலச்செவிலி

டீச்சர் சொல்வது உண்மைதான். நண்பர்களின் பங்கு பெரியது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த பெஞ்சில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. புகைக்கிறவனைப் பார்த்து மற்றவன் பழகுகிறான், அது ஒன்று. ஏற்கனவே மனம் அந்தப் பக்கம் சாய்ந்த பையன் அந்த பெஞ்சைத் தேடிப் போய் உட்காருகிறான், அது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவது வேலையில் வீட்டின் கை நிறைய இருக்கிறது.

பிள்ளையிடமே இருக்கும் காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கூட்டங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே இழுத்த புகையின் நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் இருப்பது சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பள்ளியில் ஒரு இடைவேளைக்கும் அடுத்த இடைவேளைக்கும் நடுவே இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனியுங்கள். ஆசையை நிறுத்திப் பிடிக்கிற முன்மூளைப் பகுதி முழுசாக வளர்ந்து முடிய 25 வயது ஆகிறது. இழுக்கும் பகுதி சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது, பிடிக்கும் பகுதி பின்னால் வருகிறது. அதனால் 14 வயதில் வரும் அடிமைத்தனம் 30 வயதில் வருவதை மாதிரி இல்லை. தினமும் புகைக்கும் நிலைக்கு வரும் முன்னரே, எப்போதாவது ஒன்று என்று இருக்கும்போதே, தொடங்கிய சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு விடமுடியாத அறிகுறிகள் வந்துவிடுகின்றன. 'எப்பவாவதுதான் அடிக்கிறான், விட்டுடுவான்' என்ற சமாதானம் ஆபத்தாவது இங்கேதான். ஒரு முறை முயன்று பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலானோர், கொஞ்ச காலமாவது தினசரி புகைக்கிறவர்களாக மாறியதாக 2018இல் வந்த பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது.

யாருக்கு இழுப்பு அதிகம்? கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகள். நிகோடின் கவனத்தைக் கொஞ்ச நேரம் கூர்மையாக்கும், அதனால் அவர்களுக்கு அது மருந்து போலவே தோன்றும். மனச்சோர்வு, பதற்றம் உள்ள பிள்ளைகள். புதியது எதையும் செய்து பார்க்கத் துடிக்கும் சுபாவம் உள்ளவர்கள். மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்து பள்ளியோடு ஒட்டாமல் போனவர்கள். பெண் பிள்ளைகளில் உடம்பு எடையைப் பற்றிய கவலையும் சேர்கிறது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. நிகோடினை ஈரல் எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதையெல்லாம் நான் சொல்வது சாக்குக்காக அல்ல. கவனக்குறைவுக்குச் சிகிச்சை தொடங்காமல் சிகரெட்டை மட்டும் நிறுத்தச் சொன்னால் அந்தப் பையனால் முடியாது. அடி விழும், மறுபடி பிடிப்பான். கோபித்துக்கொள்ளும் முன் எந்தக் காரணம் என்று பார்க்க வேண்டும்.

தாமிரபரணி_களப்பணி

திருநெல்வேலி, தென்காசி பக்கத்து வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பீடி சுற்றுவது பெண்களின் வீட்டு வேலை. இலை, தூள், நூல், கத்தரி எல்லாம் முறத்தில் வீட்டு நடுவிலேயே இருக்கும். சுற்றுகிற அம்மா புகைப்பதில்லை. ஆனா பிள்ளைக்குப் புகையிலை நெடி பால்குடி காலத்திலிருந்தே பழக்கம், அது ஒரு அருவருப்பான பொருளாகவே தெரியாது. சரியில்லை என்று கழித்து ஒதுக்கிய பீடி வீட்டில் கிடக்கும், எண்ணி வைக்க மாட்டார்கள். கடைக்குப் போகவே வேண்டாம்.

இந்த வீடுகளில் 'புகையிலையை வீட்டில் வைக்காதீர்கள்' என்று போய்ச் சொன்னால் சோற்றைப் பிடுங்குகிற பேச்சாக ஆகிவிடும். நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள். தூளுக்கு மூடியுள்ள டப்பா. முறத்தைச் சமையல் இடத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் தள்ளி, காற்று வருகிற வாசல் பக்கம் வைப்பது. சுற்றி முடித்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைப்பது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பிப் பிள்ளைகள் மூக்குக்குத்தான் போகும். கழிவு பீடியை அன்றன்றைக்கே பிரித்துத் தூளைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவது. நூல் கட்டப் பிள்ளைகளை உட்கார வைக்காமல் இருப்பது. பீடி இயற்கை, இலைதானே என்கிற பேச்சும் இங்கே அதிகம். பீடியில் வடிகட்டி கிடையாது, அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கரியமில வாயுவைவிட மோசமான கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவாகப் போவதில்லை.

தாத்தா பீடியை 'அடுப்பில் பற்ற வைத்துக் கொண்டு வா' என்று பேரனிடம் கொடுப்பதும் நிறைய நடக்கிறது. அணையாமல் கொண்டுவர அவன் ஓர் இழுப்பு இழுத்தாக வேண்டும். முதல் இழுப்பு அங்கேதான், பெரியவர் அனுமதியோடு.

சட்டப்படி

மேலே சொன்ன கடைசி விஷயத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 'பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா, மிச்சத்துக்கு மிட்டாய் வாங்கிக்கோ.' குடும்பக் காரணங்களின் பட்டியலில் நான் இதற்குத் தனி இடம் கொடுப்பேன். பழக்கத்தைப் பார்த்து வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஏவல் அதற்கு மேலே மூன்று காரியம் செய்கிறது. கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பழக்கிவிடுகிறது. நாளைக்கு அவன் தனக்காகக் கேட்டாலும் 'அப்பாவுக்கா?' என்று கேட்டபடியே எடுத்துக் கொடுப்பார். விலையும் பெயரும் தெரிந்துவிடுகின்றன. ஒன்றிரண்டாக வாங்குவதால் பாக்கெட்டின் இரு பக்கமும் 85% இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம் அவன் கண்ணிலேயே படுவதில்லை.

2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 6ஆம் பிரிவின்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. யாருக்காக வாங்குகிறான் என்பது பொருட்டே இல்லை. வயதில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. 'இங்கே 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதில்லை' என்ற பலகை குறைந்தது 60க்கு 30 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்கவே கூடாது. இந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான், அதனால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவு வேறு ரகம். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கோ கொடுக்கச் செய்பவருக்கோ 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளி அருகே கடை பற்றிப் புகார் எழுதும்போது இரண்டு சட்டத்தையும் குறிப்பிடுங்கள். 100 கஜத்தை டேப்பால் அளந்து, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையில் என்று எழுதிக் கொடுத்தால் வருகிற அதிகாரிக்கு வேலை சுலபம்.

மின்சிகரெட் பற்றியும் கேட்பார்கள். 2019இலிருந்து இந்தியாவில் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே தடை. 'இது வெறும் வாசனை ஆவி' என்று பையன் சொன்னால் நம்ப வேண்டாம். தடை செய்த பொருளுக்குத் தரக்கட்டுப்பாடே கிடையாது, உள்ளே எவ்வளவு நிகோடின் என்பது யாருக்கும் தெரியாது.

9ஆம்_வகுப்பு_டீச்சர்

சரி, வீட்டில் கண்டுபிடிச்சிட்டாங்க. சட்டைப் பையில் ஒண்ணு கிடைச்சது. அடுத்து என்ன செய்யறது? எங்க பக்கம் நடக்கிறது மூணு விதம். பெல்ட் எடுப்பாங்க. இல்லேன்னா அம்மா மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அப்பாகிட்ட மறைப்பாங்க. மூணாவது, ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்து 'எல்லாத்தையும் இப்பவே பிடி, அப்பத்தான் வெறுத்துப்போகும்'னு உட்கார வைப்பாங்க. இந்த மூணையும் பத்திச் சொல்லுங்க மேடம்.

மனநலச்செவிலி

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் உயிர் ஆபத்து உண்டு. பழக்கமில்லாத உடம்பில் அடுத்தடுத்துப் புகை போனால் வாந்தி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றி விழுவது எல்லாம் வரும். ஏற்கனவே பழகிய பையனுக்கு ஒன்றும் ஆகாது, தாங்கும் அளவு இன்னும் ஏறும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் நஷ்டம். யாரும் செய்யக் கூடாது.

அடித்தால் அன்றைக்கு நிற்பது மாதிரி தெரியும். உண்மையில் நடப்பது, இடம் மாறுவது. மொட்டைமாடியிலிருந்து மைதானத்துக்குப் போவான், உங்களுக்குத் தெரியவரும் வழி அடைந்துவிடும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெளிவான விதியும் உண்டு, பாசமும் உண்டு, காரணமும் சொல்கிறார்கள் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவே தொடங்குகிறார்கள். விதி மட்டும் இருக்கும் வீடும் சரி, எதையும் கேட்காத வீடும் சரி, இரண்டுமே அதற்குப் பின்னால்தான். நெதர்லாந்து ஆய்வுகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: புகை பற்றிப் பெற்றோர் எத்தனை தடவை பேசினார்கள் என்பது பிள்ளையைக் காப்பாற்றவில்லை, எப்படிப் பேசினார்கள் என்பதுதான் காப்பாற்றியது. தினமும் நச்சரிப்பதால் ஒன்றும் இல்லை.

அம்மா மறைப்பது பற்றி. பயத்தில்தான் மறைக்கிறார், அப்பா அடித்துவிடுவார் என்று. ஆனால் மறைத்த அன்றிலிருந்து பையன் கையில் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. பாக்கெட் மணி கேட்டால் மறுக்க முடியாது. இருவரும் பேசி ஒரே முடிவை எடுத்த பிறகுதான் பிள்ளையிடம் பேச வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, தீ ஒன்றும் பிடித்துவிடாது.

பேச்சு நடத்தும் முறை:

கிடைத்த நிமிடத்திலேயே பேசாதீர்கள். அடுத்த நாள், சாப்பிட்ட பிறகு, மற்ற பிள்ளைகளும் சித்தப்பா பெரியப்பாவும் இல்லாத நேரத்தில், பையனோடு நெருக்கமாக இருக்கிற ஒருவர் மட்டும் உட்காருங்கள். முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கக் கூடாது. 'யார் கொடுத்தது?' என்று தொடங்கினால் நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்வான், பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றவே பேச்சு போய்விடும். 'உன் சட்டையில் இது இருந்தது. திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. எங்களுக்குக் கவலையாக இருக்கிறது' என்று தெரிந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவன் பேசும்வரை காத்திருங்கள். ஒரு நிமிட அமைதி நீளமாகத் தோன்றும், தாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது, எங்கே, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது, பிடித்த பிறகு என்ன மாறியது. 'ஏன் செய்தாய்' என்ற கேள்விக்கு அந்த வயதில் பதில் இருக்காது. 'எப்போது தோன்றுகிறது' என்று கேட்டால் பதில் வரும்: டியூஷன் முடிந்து, தேர்வு முந்தைய இரவு, வீட்டில் சண்டை நடந்த பிறகு. அந்த நேரங்களைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

அடிமைத்தனம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் ஆலோசகர்களிடம் உண்டு. எத்தனை சிகரெட் என்று அதில் கேட்பதே இல்லை. விட முயன்று முடியாமல் போனதா, கட்டாயம் ஒன்று வேண்டும் என்று தவித்தது உண்டா, புகைக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொள்வது கஷ்டமா, பிடிக்காதபோது கவனம் சிதறுகிறதா, எரிச்சல் வருகிறதா, நிலைகொள்ளாமல் இருக்கிறதா என்று போகும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே கட்டுப்பாடு கைநழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாரத்துக்கு இரண்டே இரண்டு பிடிக்கிற பிள்ளை மூன்று 'ஆமாம்' சொல்வது சகஜம்.

வகுப்பறைக்கு_வெளியே

மிக உதவியான பதிவு. ஒரு சந்தேகம். சிறுநீரில் கோட்டினின் (நிகோடின் உடம்பில் உடைந்து உண்டாகும் பொருள்) பார்க்கும் பட்டைகள் இணையத்தில் விற்கின்றன. பெற்றோர் வாங்கி வைத்துக்கொண்டு வாராவாரம் சோதிக்கலாமா என்று கேட்கிறார்கள்.

மருந்தகம்_மதுரை

வேண்டாம் சார். கோட்டினின் உடம்பில் பாதியாகக் குறைய 16 முதல் 20 மணி நேரம் ஆகும். எப்போதாவது பிடிக்கிறவனுக்குச் சில நாளிலேயே சிறுநீரில் பட்டை காட்டும் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை நிறுத்தி புதன்கிழமை சோதனைக்கு நிற்கப் பையன்களுக்குத் தெரியும். வீட்டில் அப்பா உள்ளேயே புகைக்கிறார் என்றால், பிடிக்காத பிள்ளையின் உடம்பிலும் கோட்டினின் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பிள்ளையைக் குற்றம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

புகைப்பழக்கத்தை நிறுத்த மெல்லும் நிகோடின் கம் பற்றியும் கேட்பார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கம் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் அது பெரிதாகப் பலன் கொடுப்பதாகச் சான்று இல்லை, பேச்சு வழிச் சிகிச்சைதான் முதலில். கம் வேலை செய்வது அப்பாவுக்கு. இந்த இழையில் சொன்ன எல்லாவற்றிலும் கனமான வேலையும் அப்பா நிறுத்துவதுதான்.

எழுந்ததும் 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். இதய நோய், அண்மையில் வந்த மாரடைப்பு, வயிற்றுப்புண் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, 7–9 வாரத்தில் 2–4 மணிக்கு ஒன்று, 10–12 வாரத்தில் 4–8 மணிக்கு ஒன்று. பலரும் சொதப்புவது மெல்லும் முறையில். சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும், விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், பலன் வராது. மெதுவாக மென்று, காரம் ஏறி நாக்கு சுரீர் என்றதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒரு கம்முக்கு அரை மணி நேரம். போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ, எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உறிஞ்சாது. 'கம் போட்டும் அடங்கலை' என்று திரும்பி வருபவர்களிடம் கேட்டால் டீ குடித்த கையோடு போட்டிருப்பார்கள்.

இன்னொன்று. புகையை நிறுத்தியதும் உடம்பு காபியை உடைக்கும் வேகம் குறைந்துவிடும். அதே நாலு டம்ளர் காபி இப்போது இரட்டிப்பாக ஏறி, படபடப்பும் தூக்கமின்மையும் தரும். 'சிகரெட்டை விட்டதால் இப்படி' என்று நினைத்து மறுபடி பற்ற வைத்துவிடுவார். நிறுத்தும் அன்றே காபி டீயைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

எண்கணக்கு

மருந்தகம் சொன்ன 'அப்பா நிறுத்துவது' என்பதற்கு எண் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பிள்ளைகளை 3ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 3ஆம் வகுப்புக்குள் பெற்றோர் இருவரும் புகையை விட்டிருந்த பிள்ளைகள், இருவரும் விடாத வீட்டுப் பிள்ளைகளைவிட 12ஆம் வகுப்பில் தினசரிப் புகைப்பவர்களாக இருக்கும் சாத்திய விகிதம் 39% குறைவு. 'இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது' என்கிற அப்பாக்களுக்கு இதைச் சொல்லுங்கள். மகன் 3ஆம் வகுப்பில் இருக்கும்போது கேட்டால் நல்லது, 8ஆம் வகுப்பில் கேட்டாலும் வீண் இல்லை.

தாமிரபரணி_களப்பணி

அப்பா உடனே விட மாட்டேன் என்றால்? பெரும்பாலான வீடுகளில் அதுதான் நிலைமை.

மனநலச்செவிலி

அப்படியானால் படி இறங்கிப் பேச வேண்டும். விட முடியாதவரும் செய்யக்கூடியவை உண்டு. வீட்டுக்குள் புகை இல்லை. ஜன்னலோரம், கழிவறை, பால்கனி மூன்றும் வீட்டுக்குள் என்றுதான் கணக்கு. விருந்தாளிக்கும் அதே விதி, மாமாவுக்குத் தனிச் சலுகை கிடையாது. பண்டிகைக்கு வரும் உறவினர் முன்னால் விதி தளர்ந்தால் அது விதி இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் சட்டைப் பையிலோ டிவி மேலோ விடாமல், பூட்டக்கூடிய ஒரு இடத்தில் எண்ணி வைப்பது. கடைக்குப் பிள்ளையை அனுப்புவதை இன்றோடு நிறுத்துவது. கடைக்காரரிடம் நேரில் போய் 'என் பையன் கேட்டா கொடுக்காதீங்க' என்று சொல்லிவிடுவது. பெட்டிக்கடைக்காரரோடு அந்த ஒரு நிமிடப் பேச்சு எத்தனையோ வகுப்புகளைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

புகைக்கிற அப்பா பிள்ளையிடம் பேசலாமா, அதற்கு அருகதை உண்டா என்று பலர் தயங்குகிறார்கள். கட்டாயம் பேசலாம். 'நான் செய்வதைப் பார்க்காதே' என்று தொடங்கினால் எடுபடாது. 'எனக்கு விட முடியவில்லை. எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். காலையில் இது இல்லாமல் வேலை ஓடவில்லை. உனக்கு இது வரக் கூடாது' என்று நேராகச் சொன்னால் பிள்ளை கேட்கும்.

அண்ணனை மறந்துவிடாதீர்கள். மேலே எண்கணக்கு கொடுத்ததில் அண்ணன் அக்காவின் கனம் அப்பாவைவிட அதிகம். கல்லூரிக்குப் போன அண்ணன் விடுமுறைக்கு வரும்போது தம்பியை உடன் அழைத்துக்கொண்டு 'ஒரு ரவுண்டு' போவது பல வீடுகளில் யாரும் கவனிக்காத ஒன்று. அண்ணனிடம் தனியாக, பொறுப்பைக் கொடுக்கும் தொனியில் பேசுங்கள். குற்றவாளியாக நிறுத்தினால் தம்பியும் அவன் பக்கம் சேர்ந்துகொள்வான்.

9ஆம்_வகுப்பு_டீச்சர்

கண்காணிப்புன்னு சொல்லும்போது எவ்வளவு சரி, எவ்வளவு அதிகம்? பையைத் தினமும் சோதிக்கிற வீடும் இருக்கு.

வகுப்பறைக்கு_வெளியே

இதற்கு நானே சொல்கிறேன் டீச்சர். பை சோதனை வேண்டாம். நான்கு விவரம் தெரிந்தால் போதும்: எங்கே இருக்கிறான், யாரோடு, என்ன செய்கிறான், எத்தனை மணிக்கு வருவான். இதை அவனே சொல்கிற வீடாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலை முடித்து வரும்வரை இருக்கும் இடைவெளி, டியூஷன் முடிந்து வீடு வரும் நேரம், இரண்டையும்தான் குறிப்பாகப் பார்க்க வேண்டும். பணம் கணக்கு கேட்பதிலும் அளவு வேண்டும். மொத்தமாக வாரப் பணம் கொடுத்து எதற்கு என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வது, தினமும் கேட்கக் கேட்கச் சில்லறை கொடுப்பதைவிட நல்லது. உதிரி சிகரெட்டுக்கு வேண்டியது சில்லறைதானே.

9ஆம்_வகுப்பு_டீச்சர்

கடைசியா ஒண்ணு. ஒரு பையன் நிறுத்திட்டான், மூணாவது வாரம் மறுபடி ஒண்ணு பிடிச்சிட்டான். வீட்டில் எல்லாம் போச்சுன்னு உட்கார்ந்துடறாங்க.

மனநலச்செவிலி

அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நிறுத்திய 2, 3ஆம் நாளில் எரிச்சல், பசி, தூக்கக் குறைவு உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். அந்த நாட்கள் தேர்வோடு மோதாமல் நிறுத்தும் தேதியைக் குறிப்பது முதல் வேலை. அந்த வாரம் அவன் எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழாதீர்கள்.

ஆசை எழுந்தால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம்தான் நிற்கும். அதைக் கடத்த: கடிகாரத்தைப் பார்த்துத் தள்ளிப்போடுவது, ஆழமாகப் பத்து மூச்சு, ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிப்பது, இருக்கிற இடத்தை விட்டு எழுந்துபோய் வேறு வேலை. நான்கையும் அவனே ஒரு முறை உங்கள் முன்னால் செய்து பார்க்க வேண்டும். சொல்லி வைத்தால் மட்டும் போதாது. நண்பன் நீட்டும்போது சொல்ல வேண்டிய பதிலும் முன்னாலேயே வாயில் இருக்க வேண்டும். 'வேணாம்டா, கோச் மோப்பம் பிடிச்சிருவாரு' மாதிரி அவன் பேச்சில் வரும் வரி. நாம் எழுதிக் கொடுக்கும் வசனத்தை அவன் சொல்ல மாட்டான்.

ஒன்று பிடித்துவிட்டால், அதை வைத்தே அடுத்த திட்டம். எங்கே, யாரோடு, என்ன நேரம் என்று கேட்டு, அந்த ஒரு சூழலுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு. நிறுத்திய நாள் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். 21 நாளில் 1 என்றால் 20 நாள் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். தொடர்ந்து பார்ப்பதற்கான நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிறுத்திய மறுநாள், 3ஆம் நாள், 1 வாரம், 2 வாரம், 1 மாதம், 3 மாதம், 6 மாதம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் போதும்.

வெளி உதவிக்கு, தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. பள்ளி மாணவர் வழிகாட்டலுக்குத் தமிழ்நாட்டில் 14417. அரசு மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி பலவற்றில் புகையிலை விடுவிப்பு மையம் உண்டு. சென்னைக்காரர்களுக்கு அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் இருக்கிறது. பையனும் அப்பாவும் ஒன்றாகப் போனால் தனித்தனியாகப் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பையன் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்வான்.

வகுப்பறைக்கு_வெளியே

நன்றி எல்லாருக்கும். அடுத்த கூட்டத்துக்கு நுரையீரல் படத்தை எடுத்துவிட்டு, கடைக்கு அனுப்புவது, பாக்கெட் வைக்கும் இடம், அண்ணன், அப்பாவின் கம் முறை, முதல் பேச்சு ஆகிய ஐந்தை மட்டும் ஒரு பக்கத் தாளாக அடிக்கிறேன். 4, 5ஆம் வகுப்புப் பெற்றோருக்கும் அதையே கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர்களிடம் கேட்கப் போகிறேன். தாளில் சேர்க்க வேண்டியது ஏதாவது விட்டிருந்தால் வெள்ளிக்குள் இங்கேயே எழுதுங்கள்.